ஓரம் தெரியாத ஒட்டு

தன் வேலை யார் கண்ணுக்கும் தெரியக்கூடாது என்று ஒருத்தி பதினோரு வருஷம் பாடுபடுகிறாள்; கடைசியில் அப்படியே தெரியாமல் செய்யவும் கற்றுக்கொள்கிறாள். அந்தத் தெரியாத வேலையின் மேல் ஏறி நின்றுகொண்டு இன்னொருவர் பொய் சொன்னால், அந்தப் பொய்யில் அவளுக்குப் பங்கு உண்டா, இல்லையா? உண்டென்றால் எவ்வளவு? இந்தக் கேள்வியை அவள் வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அந்த மூன்றரை மாதமும் அவள் வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, அவள் வேறு எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது புரிந்திருக்கும்.

கார்களின் மேல்பூச்சைப் பாதுகாத்துக் கொடுக்கும் கடை அது. அங்கே அவளுக்குப் பெயர் 'நகம்'. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் அவள் வளர்த்து வைத்திருந்தாள். ஃபிலிம் ஒட்டி முடித்த காரைச் சுற்றி அந்த நகத்தை மெல்ல ஓட்டிப் பார்ப்பாள். கதவு விளிம்பிலோ, கைப்பிடிக் குழியிலோ, முன்விளக்கின் வளைவிலோ நகம் எங்காவது ஒரு மயிரிழை தட்டினால் போதும், ஒட்டியதை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். "நகம் ஒருநாள் நகத்தை வெட்டிட்டா நாம எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்று பாலிஷ் போடுகிறவர் சொல்லுவார். அவள் சிரிக்கமாட்டாள். வேலை நேரத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் மூச்சுக்காற்றில் தூசி பறக்கும் என்று உண்மையாகவே நம்பினாள்.

அந்தக் கடையில் இரண்டுதான் பெரிய சரக்கு. ஒன்று செராமிக் கோட்டிங். கட்டைவிரல் உயரக் குப்பியில் வரும் திரவம். அதை ஒரு சின்னப் பஞ்சுக் கட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு, பெயின்ட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். வானவில்போல ஒரு மினுக்கு எழும்பி அடங்கும் நேரம் பார்த்துத் துணியால் துடைத்தெடுத்தால், பெயின்ட்டோடு பெயின்ட்டாக இறுகிவிடும். அதன் பிறகு தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு ஒட்டாது, பறவை எச்சம் அரிக்காது, முகம் பார்க்கலாம். நல்ல பொருள்தான். ஆனால் மெல்லிய தோல். கல் வந்து அடித்தால், அப்படி ஒன்று அங்கே இருப்பதே கல்லுக்குத் தெரியாது.

இன்னொன்று ஃபிலிம். தண்ணீர்போலத் தெளிவான, ரப்பர் குணமுள்ள கெட்டித் தாள். அதைச் சோப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இழுத்து, உட்காரவைத்து, ரப்பர் பட்டையால் நீரை வழித்து, ஓரங்களை அறுத்து உள்பக்கமாக மடிக்க வேண்டும். கல் அடித்தால் அடியைத் தாள் வாங்கிக்கொள்ளும். மேலே லேசான கீறல் விழுந்தாலும் சுடுதண்ணீர் ஊற்றினால் கீறல் தானாகவே மறைந்துவிடும். பளபளப்புக்கு அது, அடிக்கு இது. வாசலில் நிற்கிற யாருக்கும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிக்கத்தான் முதலாளிக்கு மனம் வருவதில்லை. ஃபிலிம் ஒட்ட மூன்று நாள் ஆகும், கோட்டிங் ஒரே நாளில் முடியும். ஃபிலிமுக்குக் கடையிலேயே இவள் ஒருத்திதான்; கோட்டிங்கைக் கை இருக்கிற யாரும் பூசலாம்.

முதலாளி ஒரு வாளியும் துணியுமாகத் தெருவில் கார் கழுவ ஆரம்பித்து மேலே வந்தவர். தேய்த்துத் தேய்த்து வலது முழங்கை நேராக நீளாது. அவளுக்கு வேலை கற்றுக்கொள்ள இடம் கொடுத்தவரும் அவர்தான். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று மற்ற கடைக்காரர்கள் கேட்டபோது, கை சுத்தமாக இருந்தால் போதும் என்று சொன்னவர். அதை அவள் மறந்ததில்லை. அவரும் அவளை மறக்கவிட்டதில்லை. வேலை ஆக வேண்டியிருந்தால் 'தங்கச்சி', ஆகிவிட்டால் 'ஏம்மா'.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் அது 'தங்கச்சி'யாக இருந்தது. உடைத்துப் போடப்பட்ட காரிலிருந்து ஒரு கறுப்பு பானெட்டை, அதாவது இன்ஜின் மூடியை, அவர் வாங்கி வந்திருந்தார். கடை வாசலில் சுவரில் மாட்டப்போகிறாராம். ஃபிலிம் என்றால் என்னவென்று வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கட்டும், அதன்மேல் ஒன்று ஒட்டிக்கொடு, ஆனால் ஓரம் மட்டும் தெரியவே கூடாது என்றார். அவள் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டாள். நான்கு பக்கமும் பின்னால் வரை மடித்தாள். கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சுகிற இரண்டு சின்னத் துளைகளின் உதட்டையும் உள்ளே சுருட்டிவிட்டாள். ஒட்டியது தெரியாமல் ஒட்டிய வேலைகளில் அதுதான் அவளுக்கே பிடித்த வேலை. காலையில் உள்ளே நுழையும்போது சில நாள் நகத்தை அதன் விளிம்பில் ஓட்டிவிட்டுப் போவாள். தட்டாது. அந்த ஒரு சந்தோஷம் போதும், நாள் முழுக்க ஓடும்.

அவளுடைய அறை கடையின் பின்பக்கம், கண்ணாடி அடைப்புக்குள். தூசி வரக்கூடாது என்பதால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். வாசலில் என்ன பேசுகிறார்கள் என்பது அவள் காதில் விழாது. இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஒருநாள் கதவைச் சாத்தும் விசை உடைந்து கதவு அரைகுறையாகத் திறந்து நின்றது. அன்றைக்குத்தான் கணக்கு டீச்சர் வந்தார்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கியுள்ள டீச்சர். தம்பி தங்கைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லோருக்கும் செய்து முடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று வாங்கியிருந்தார்: அடர்நீலத்தில் ஒரு சின்னக் கார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கல் உடைக்கும் ஆலை. ஜல்லி லாரிகள் பின்னால்தான் தினமும் போய் வர வேண்டும். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. மூன்று கடைகளில் விசாரித்துவிட்டு வந்திருந்தார்; ஒரு கடையில் ஃபிலிம் என்றார்கள், இன்னொன்றில் கோட்டிங் என்றார்கள், மூன்றாவதில் இரண்டும் என்றார்கள்.

"எனக்கு ஒரே கேள்விதான் சார். கல்லு தெறிக்குது. அதை எது தடுக்கும்?"

"நான் சொல்றதை நம்பாதீங்க டீச்சர். உங்க கண்ணால பாருங்க."

நகம் அப்போது ஒரு வெள்ளைக் காரின் முன்முனையில் ஃபிலிமை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பித்தளைக் கம்பிப் பிரஷ் எதிலோ கரகரவென்று உரசும் சத்தம். பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு முதலாளியின் குரல்: "பார்த்தீங்களா? கம்பியால கீறினேன். இருந்த இடம் தெரியாம போச்சா? இதுதான் டீச்சர் செராமிக்."

அவளுக்குத் தான் கேட்டது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. சுவரில் தொங்குவது அவள் ஒட்டிய ஃபிலிம். கீறல் மறைவது ஃபிலிமின் குணம். ஓரம் எங்கேயும் இல்லாததால், அதன்மேல் ஒரு தாள் இருக்கிறது என்று எந்த மனிதக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அதைக் காட்டி இரண்டு வருஷமாக இந்த மனுஷன் கோட்டிங் விற்றிருக்கிறார். எத்தனை பேருக்கு? எத்தனை கார்களுக்கு? 

கையில் இருந்ததை விட்டுவிட்டு வெளியே இரண்டு எட்டு வைத்தாள். விரல்களிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது. டீச்சர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். பார்த்துவிட்டு, மிகவும் சாதாரணமாக, "என்னம்மா, ஃபிலிம் காயுது பார்" என்றார்.

அது உண்மை. இழுத்த ஃபிலிமைப் பாதியில் விட்டால் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு நீட்டிய தழும்பு போகாது, தாள் வீண். அவள் உள்ளே திரும்பிப் போனாள். பிற்பாடு அவளுக்கு மிகவும் கோபம் வந்ததே அந்தச் சாக்கு உண்மையாக இருந்ததை நினைத்துத்தான். பொய்ச் சாக்காக இருந்திருந்தால் தன்னைத் தானே கண்டுபிடித்திருக்கலாம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நடந்ததைக் கொட்டித் தீர்த்தாள். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நிதானமான ஆள், எந்த விஷயத்தையும் மேலேயும் கீழேயும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

"அந்த டீச்சர்கிட்ட நீ ஏன் சொல்லல?"

"கையில ஃபிலிம் இருந்துச்சு."

"ம்."

"என்ன ம்? நடு மாடியில லிஃப்ட்டைத் தொங்கவிட்டுட்டு நீங்க டீ குடிக்கப் போவீங்களா?"

"போகமாட்டேன். ஆனா உள்ள ஆள் மாட்டியிருந்தா, அங்கிருந்தே கத்திச் சொல்வேன்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பு இருந்திருந்தால் அன்றைக்கே பேசியிருப்பாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் நேராக முதலாளியிடம் போய், அண்ணே, சுவரில் இருப்பது ஃபிலிம் ஆயிற்றே என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லச் சௌகரியமாக இருந்திருக்கும். "நான் என்ன பொய் சொன்னேன் சொல்லு? கீறினேன். தண்ணி ஊத்தினேன். மறைஞ்சுது. எல்லாம் அவங்க கண்ணு முன்னாடிதான நடந்துச்சு? பேரைத்தான் மாத்திச் சொன்னேன்" என்றார். கீறல், தண்ணீர், கண் மூன்றையும் உண்மையாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டால் அது பொய் ஆகாது என்று அவர் நிஜமாகவே நினைப்பதுபோல இருந்தது. அவர் அதோடு விடவில்லை. அவள் தோள் பக்கம் குனிந்து, "ரெண்டு வருஷமா ஒருத்தன் கண்டுபிடிக்கல. அது யார் கை வேலை? பெருமைப்படு தங்கச்சி" என்றார்.

அந்தப் பாராட்டுதான் அவளைத் தின்றது. ஏமாற்றுகிறவர் ஏமாற்றட்டும். தன்னுடைய சுத்தத்தை எடுத்து அழுக்கு மறைக்கப் பயன்படுத்திவிட்டு, அதற்கு நன்றி வேறா? அவள் பாத்திரங்களை அறைந்து அறைந்து கழுவினாள். காய்ந்த துணிகளை விரோதிகளைப்போல உதறினாள். தினமும் பார்த்துப் பழகிய பானெட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதையெல்லாம் சொல்லும்போது, அவள் செய்யாததையும் சொல்ல வேண்டும். கடைப் பதிவேட்டில் டீச்சருடைய போன் நம்பர் இருந்தது. அவள் அதை இரண்டு முறை எடுத்துப் பார்த்தாள். மனப்பாடமே ஆகிவிட்டது. கூப்பிடவில்லை. டீச்சர் காருக்குக் கோட்டிங் ஏற்கெனவே பூசியாகிவிட்டதே, இனிச் சொல்லி என்ன என்று ஒரு சமாதானம். வேலை போனால் நாற்பத்து நான்கு வயதில் எந்தக் கடையில் இன்னொரு கண்ணாடி அறை கிடைக்கும் என்று இன்னொன்று. கோபம் நிறைய இருந்தது, ஆனால் அது வீட்டுச் சமையலறையிலேயே செலவாகிக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் செய்தாள். கதவின் விசையைச் சரிபண்ணி விட்டார்கள். அவள் ஒரு தண்ணீர் வாளியை அண்டக் கொடுத்துக் கதவைத் திறந்தே வைத்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் புழுக்கம் என்றாள். உண்மையில் கெட்டில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்டில் கொதித்தால் இன்னொருவர். பிரஷ் உரசினால் இன்னொருவர். திறந்த கதவு வழியாகத் தூசி வந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவள் ஒட்டிய ஃபிலிமுக்கு அடியில் கடுகைவிடச் சிறிய புள்ளிகள் மாட்டிக்கொண்டன. உரித்துப் போட்டு மறுபடி ஒட்டினாள். கதவை மட்டும் சாத்தவில்லை. பாலிஷ்காரர் அதைக் கவனித்துவிட்டு, நகத்துக்கும் வயசாகிவிட்டது என்று கேலி செய்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றரை மாதம் கழித்து டீச்சர் வந்தார். அதே நோட்டு. சத்தம் போடவில்லை. காரின் பானெட்டில் பத்தொன்பது இடத்தில் கல் கொத்தியிருந்தது. சிலது பெயின்ட்டைத் தாண்டி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் எண், தேதி, இடம். முன்பக்கத்தை ஒரு கட்டம் வரைந்து புள்ளி வைத்திருந்தார். பரீட்சைத் தாளில்கூட யாரும் அவ்வளவு சுத்தமாக வரையமாட்டார்கள்.

முதலாளி வாளி தூக்கிய காலத்திலிருந்து வாடிக்கையாளரைச் சமாளித்தவர். கடினமான சோப்புப் போட்டுக் கழுவியிருப்பீர்கள், அதில் கோட்டிங் செத்துப்போயிருக்கும் என்றார். மாதா மாதம் இந்தக் கடையிலேயே கழுவிய ரசீதுகளை டீச்சர் மேஜையில் வரிசையாக வைத்தார். அப்படியானால் கார் கம்பெனியே பெயின்ட்டைச் சரியாக அடிக்கவில்லை என்றார் முதலாளி. எந்தக் கம்பெனி பெயின்ட்டையும் கல் கொத்தாமல் காப்பதாகத்தானே சொன்னீர்கள் என்று டீச்சர் கேட்டார். எதற்கும் ஒரு அளவு உண்டில்லையா என்று முதலாளி சப்பைக்கட்டுக் கட்டினார். கடைசியில் பின்பக்கம் திரும்பி, "தங்கச்சி, இங்க வா. டீச்சர், இவங்க பதினோரு வருஷமா இதே வேலை. நீங்களே கேளுங்க. கல்லு அந்த வேகத்துல வந்தா எதுதான் தாங்கும்?" என்றார்.

சாட்சிக்குக் கூப்பிட்டது. அவள் ரப்பர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். டீச்சர் அவளிடம் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரைப் பேனாவால் சுட்டிக்காட்டினார்.

"அன்னைக்கு நான் அதுல பார்த்தது என்னம்மா?"

முதலாளி அவளைப் பார்த்தார். பார்வையில் மிரட்டல் இல்லை, நம்பிக்கை இருந்தது. அவளுக்கு அதுவே தாங்கவில்லை. இவ்வளவு பார்த்த பிறகும் என்னை இந்த மனுஷன் தன் ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே!

அவள் உள்ளே போய்ச் சூடுகாற்று ஊதும் ஹீட் கன்னை எடுத்துவந்தாள். வாசலில் பானெட்டின் கீழ்மூலையில் சூடு காட்டினாள். பின்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டு, அவள் மட்டுமே அறிந்த இடத்தில், மடித்த ஓரத்தை நெம்பினாள். இரண்டு வருஷமாகத் தட்டாத நகம் அன்றைக்குத் தட்டியது. பிறகு நிதானமாக, அவசரமே இல்லாமல், மூலையிலிருந்து மூலைக்கு உரித்தாள். பெயின்ட்டிலிருந்து ஃபிலிம் கழன்று வரும்போது நீண்ட மூச்சுபோல ஒரு சத்தம் வரும். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். முழுத் தாளும் கிழியாமல் அவள் கையில் வந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, சுவரில் இருந்தவரை தெரியாத ஒரு மஞ்சள் அதில் தெரிந்தது.

"இது ஃபிலிம்" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்."

"யார் ஒட்டினது?"

"நான்தான்."

டீச்சர் தாளை வாங்கிக்கொண்டார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பேனா கண்ணாடி அறையின் பக்கம் திரும்பியது.

"அன்னைக்கு நீ அங்கதான நின்ன?"

"நின்னேன்."

டீச்சர் தலையை ஆட்டினார். விடை சரி என்பதற்கு மட்டும் ஆட்டும் தலை, பாராட்டு இல்லை. தாளைப் பாய்போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போது முதலாளியிடம் மட்டும் சொன்னார்: "கணக்கைத் தப்பா போட்டா நான் உட்கார்ந்து திருத்துவேன் சார். காப்பியடிச்சா திருத்தமாட்டேன்."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னார். குரல் உயரவில்லை. அவள் தன் பிளேடுகளையும் இரண்டு ரப்பர் பட்டைகளையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு நடந்தாள். பாலிஷ்காரர் மிஷினை நிறுத்திவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கே வேடிக்கை எதுவும் அகப்படவில்லை.

வீட்டில் கணவர் அவளைக் கொண்டாடினார். வேலை பார்க்கிற கட்டிடங்களிலெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் தைரியமான பொம்பளை என்றார்கள். ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணரை மாசம் கழிச்சு வர்றது தைரியமா? அதுக்கு வேற பேர் இருக்கு" என்று கணவரிடம் சீறினாள். அவர் அந்தப் பேர் என்னவென்று கேட்கவில்லை.

டீச்சருக்குப் போன் செய்தாள். நம்பர்தான் மனப்பாடமாயிற்றே. பூசிய கோட்டிங்கைத் தேய்த்து எடுத்துவிட்டு, குழிகளைச் சரிபண்ணி, தானே வந்து ஃபிலிம் ஒட்டித் தருகிறேன், எதுவும் தர வேண்டாம் என்றாள். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"வேண்டாம்மா. இப்ப இருபத்தி மூணு ஆயிடுச்சு. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"உங்க வழியில லாரி நிக்கப்போறதில்லையே டீச்சர். இன்னும் நிறைய அடிக்கும்."

"அடிக்கட்டும். கல்லு மேல எனக்கு வருத்தம் இல்ல. கல்லு எனக்கு எதுவும் தப்பா சொல்லித் தரலையே."

அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அன்றைக்குப் பாத்திரம் சத்தமில்லாமல் கழுவப்பட்டது. கணவர் பயந்துபோனார்.

இரண்டாவது வாரம் புறவழிச் சாலையில் புதிதாகக் கடை போட்டிருந்த ஒருவர் வீடு தேடி வந்தார். சின்ன வயசு, சுத்தமான ஷூ, பேச்சில் வழுக்கல். பழைய கடையைவிட நல்ல சம்பளம், குளிரூட்டிய அறை, கூடவே ஒரு யோசனையும் கொண்டுவந்திருந்தார். வாசலில் பெரிய பலகை. அதில் அவளுடைய கையின் படம், அந்த நகத்தோடு. கீழே 'உண்மை சொன்ன கை' என்று எழுத்து. ஊரெல்லாம் பேசுகிற விஷயம் அக்கா, விட்டுவிடக்கூடாது என்றார்.

அவள் டீயை அவர் பக்கம் நகர்த்திவிட்டு ஒன்று கேட்டாள்.

"ஜல்லி லாரி பின்னாடி போற ஒருத்தங்க உங்க கடைக்கு வந்தா, எது போடச் சொல்வீங்க?"

"அது கஸ்டமரைப் பொறுத்துக்கா."

"கல்லைப் பொறுத்து இல்லையா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போங்கள், பலகையில் உங்கள் கையையே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அவர் செருப்பு அலமாரியைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, "ஒருத்தர் என் கையை மறைச்சு வித்தார், இவர் காட்டி விக்கப் பார்க்கிறார்" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளியே வந்தார். கணவர் நாற்காலியைக் காட்டினாரே தவிர, தான் உட்காரவில்லை. முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சொல் அவர் வாயில் பழக்கமில்லை. புதிதாகச் சேர்த்த ஆள் ஒரு கறுப்புக் காரின் கதவு விளிம்பில் ஃபிலிமோடு பெயின்ட்டையும் சேர்த்து அறுத்துவிட்டதைச் சொன்னார். இரண்டு கார் பாதியில் நிற்பதைச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பானெட்டு சும்மா தொங்குது. வர்றவங்க என்னன்னு கேக்குறாங்க. உரிச்சது நீதான" என்றார். அவ்வளவுதான். தங்கச்சி என்றும் சொல்லவில்லை, ஏம்மா என்றும் சொல்லவில்லை.

அவர் போனதும் கணவர், அந்தக் கடைப்படி ஏறினால் உனக்கு மானம் ரோஷம் எதுவும் இல்லை என்று அர்த்தம் என்றார். அவள் துணியை அவிழ்த்துப் பிளேடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கடைக்குப் போனாள். யாரிடமும் எதுவும் பேசாமல் பானெட்டைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னாள். கழுவினாள். அளவு நாடாவால் நடுவை அளந்து, மேலிருந்து கீழாக ஒரு டேப்பை நேராக ஒட்டினாள். இடது பாதியில் ஃபிலிம் ஒட்டினாள். வலது பாதியில், அவள் தன் கையால் அதுவரை தொடாத கோட்டிங்கைத் தானே பூசித் துடைத்தாள். பிறகு டேப்பை எடுத்துவிட்டு, ஃபிலிமை நடுக்கோட்டோடு அறுத்தாள். மடிக்கவில்லை. மறைக்கவில்லை. தெருவிலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு கோடு பானெட்டின் நடுவில் மேலிருந்து கீழே ஓடியது. அவள் வாழ்க்கையில் வேண்டுமென்று விட்ட முதல் ஓரம். இனிக் கம்பியால் கீறினால், ஃபிலிம் இருக்கும் பாதியில் மட்டும்தான் கீறல் மறையும். அந்த ஓரத்தின்மேல் நகத்தை ஓட்டினாள். தட்டியது.

"ஓரம் அசிங்கமா தெரியுதே" என்றார் பக்கத்தில் நின்ற முதலாளி.

அவள் பிளேடைத் துடைத்து உறையில் போட்டாள். பிறகு அவரே ஆணியைச் சரிபார்த்து, நீளாத கையால் ஒரு பக்கம் பிடித்து, பானெட்டைச் சுவரில் ஏற்றினார்.

ஏன் திரும்பிப் போனாள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணாடி அறைமேல் ஆசை என்றார் பாலிஷ்காரர். நன்றிக்கடன் என்றார் கணவர், அதைத் திட்டுகிற தொனியில். புறவழிச் சாலைக்காரர், பாவம், பிழைக்கத் தெரியாதவர் என்றார். அவளிடம் நேராகக் கேட்டவர்களுக்கு இரண்டு கார் பாதியில் நின்றது என்ற பதில் கிடைத்தது. அது உண்மையும்கூட. உண்மையான சாக்குகளில் அவளுக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு.

அன்று பகல் பதினொரு மணிவாக்கில் ஒருவர் சிவப்பு வண்டியோடு வந்து இறங்கினார். முதலாளி வாய் திறப்பதற்கு முன்பே அவர் சுவரருகே போய் விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்தார். பின்பக்கத்தில் நகம், கறுப்புக் காரின் கதவில் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். வாளி பழைய இடத்தில், திறந்த கதவுக்கு அண்டக் கொடுத்தபடி இருந்தது. வாசலில் கெட்டில் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"இது என்ன சார், நடுவுல கோடு?" என்று வந்தவர் கேட்டது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொள்வதும் கேட்டது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதற்காகத்தான் மூன்றரை மாதம் அவள் அந்தக் கதவைத் திறந்து வைத்துத் தூசியைத் தின்றாள். இப்போது ஒரு கையில் ஃபிலிமைப் பிடித்தபடியே திரும்பி, வாளியைக் காலால் மெல்ல உள்ளே நகர்த்தினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.